கோண அடைப்புக்குறிக்குள் இருந்த சொல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கல்வி இணைப்பிதழில் வந்த ஜாவா நிரல்மொழிப் பாடத்தில், நிரலின் நான்காம் வரியில், 'இன்டீஜர்' என்ற சொல் காணாமற்போயிருக்கிறது. அதைச் சுற்றியிருந்த கோண அடைப்புக்குறிகளும் கூடவே போயிருக்கின்றன. சிறு அச்சுப்பிழை என்று தள்ளிவிடக்கூடிய இடமல்ல அது. அந்தப் பாடம் முழுவதும் அந்தச் சொல்லைக் கற்பிப்பதற்காகவே எழுதப்பட்டது. திருத்தம் கேட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரந்தனில் ஒரு சிறிய கல்வி நிலையத்தில் பொருள்நோக்கு நிரலாக்கம் கற்பிப்பவள் நான். முழங்காவில், தருமபுரம், விசுவமடு, மாங்குளம் என்று நாலாபக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகள் என்னிடம் படிக்கிறார்கள். உயர்தரத்தில் பைதன் என்ற நிரல்மொழியைப் படித்து முடித்து, அடுத்த படிப்புத் தொடங்கும்வரை இருக்கிற இடைவெளியில் ஜாவாவைத் தொட்டுப்பார்க்க வருகிறவர்கள். சிலர் அறிவியல்நகரில் இருக்கும் பொறியியல் பீடத்தையும் சிலர் பம்பைமடுவில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்தையும் மனதில் வைத்திருக்கிறார்கள். தமிழில் ஜாவா பற்றி அச்சில் வருவது குறைவு. அதனால் உங்கள் பக்கத்தைக் கத்தரித்து அப்பியாசக் கொப்பியில் ஒட்டுகிறார்கள். ஒட்டியதற்கு அப்புறம் அது வேதம். நான் கரும்பலகையில் வேறு விதமாக எழுதினால், "ரீச்சர், பேப்பரில் இப்படித்தான் போட்டிருக்கிறது" என்று கொப்பியைத் தூக்கிக் காட்டுகிறார்கள். பத்திரிகைக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த மதிப்புக்கு ஏற்ற கவனம் வேண்டும்.

விடயத்துக்கு வருகிறேன். ஜாவாவின் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். (மாறிகளின் பெயர்களை மட்டும் தமிழிலேயே வைக்கலாம், ஜாவா ஏற்றுக்கொள்ளும். இது பலருக்குத் தெரியாது.) நீங்கள் அச்சிட்ட வரி இது:

லிஸ்ட் புள்ளிகள் = நியூ அரேலிஸ்ட்<>();

இருந்திருக்கவேண்டிய வரி இது:

லிஸ்ட்<இன்டீஜர்> புள்ளிகள் = நியூ அரேலிஸ்ட்<>();

புள்ளிகள் என்ற பெயரில் ஒரு பட்டியலை உருவாக்கும் வரி இது. அந்தப் பட்டியலுக்குள் இன்டீஜர், அதாவது முழுவெண், மட்டுமே வரும் என்று அடைப்புக்குறிக்குள் எழுதும் வகை சொல்கிறது. பாடத்தை எழுதியவர்மீது எனக்குக் குறை இல்லை. அவர் விடயம் தெரிந்தவர் என்பதற்கு அந்த வரியிலேயே சான்று இருக்கிறது. இடப்பக்கத்தில் அரேலிஸ்ட் என்று எழுதாமல் லிஸ்ட் என்ற இடைமுகத்தை (எல்லா விதமான பட்டியல்களுக்கும் பொதுவான பெயரை) எழுதியிருக்கிறார். நாளை அரேலிஸ்ட் வேண்டாம், லிங்க்ட்லிஸ்ட் போதும் என்று முடிவெடுத்தால் வலப்பக்கத்தில் ஒரு சொல்லை மாற்றினால் வேலை முடிந்துவிடும். வலப்பக்கத்தில் வெறும் வைரக்குறியையும் (உள்ளே ஒன்றுமில்லாத கோண அடைப்புக்குறிச் சோடியை) சரியாகப் போட்டிருக்கிறார். இவ்வளவும் தெரிந்த ஒருவர் இடப்பக்கத்தில் வகையை எழுதாமல் விட்டிருக்கமாட்டார்.

ஆகவே அந்தச் சொல் உங்கள் அலுவலகத்தில்தான் தொலைந்திருக்கிறது. எங்கே தொலைந்தது என்பதையும் ஊகித்துச் சொல்லலாம். அடைப்புக்குறிகள் மட்டும் விழுந்திருந்தால் "லிஸ்ட் இன்டீஜர்" என்று மிஞ்சியிருக்கும். இங்கே குறியும் உள்ளே இருந்த சொல்லும் சேர்ந்தே மறைந்திருக்கின்றன. அதே பாடத்தின் ஃபோர் சுழலில் இருந்த "ஐ < 10" என்ற பகுதிக்கோ ஒன்றும் ஆகவில்லை. வலப்பக்கத்து வெற்று வைரக்குறிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் பிடிபட்டுவிடும்: இணையப்பக்கம். பாடம் முதலில் உங்கள் இணையத்தளத்தில் ஏற்றப்பட்டு, அங்கிருந்து பிரதி எடுத்து அச்சுப்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கவேண்டும். இணைய உலாவிக்குச் சிறியது என்ற குறிக்குப் பின்னால் உடனே ஓர் ஆங்கில எழுத்து வந்தால் அது இணையப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியின் கட்டளை. இன்டீஜர் என்ற பெயரில் ஒரு கட்டளை அதற்குத் தெரியாது. ஆனாலும் கட்டளை என்று எண்ணி, திரையில் காட்டாமல் விட்டுவிடும். குறிக்குப் பின்னால் இடைவெளியோ, மூடும் குறியோ வந்தால் அதைச் சாதாரண எழுத்தாகவே காட்டும். சுழலும் வைரக்குறியும் தப்பியது அதனால்தான். இணையப்பக்கத்தில் ஏற்றும்போது சிறியது என்ற குறிக்குப் பதிலாக அன்ட் குறி, எல், டி, அரைப்புள்ளி என்று நான்கு எழுத்துகளைத் தட்டினால் இந்தத் தொல்லை வராது. உங்கள் பக்க வடிவமைப்பாளருக்கு இந்த ஒரு பந்தியைக் காட்டினால் போதும்.

இனி, அந்தச் சொல் இல்லாமற்போனதால் என்ன நடந்தது என்று சொல்கிறேன். வெற்று வைரக்குறி ஜாவாவுக்கு 2011இல் ஏழாம் பதிப்போடு வந்தது. இடப்பக்கத்தில் வகையை எழுதியாயிற்று, வலப்பக்கத்தில் மறுபடியும் எழுதவேண்டாம், தொகுப்பான் (நாம் எழுதும் நிரலைச் சரிபார்த்துக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் மென்பொருள்) இடப்பக்கத்தைப் பார்த்துத் தானே அறிந்துகொள்ளட்டும் என்பதுதான் அதன் பயன். உங்கள் வரியில் வலப்பக்கம் இடப்பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறது. இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் தொகுப்பான் அந்த வரியில் நின்றுவிடாது. அங்கேதான் வில்லங்கம்.

பிள்ளைகள் நிரலைத் தட்டினார்கள். நான்காம் வரி பேசாமல் கடந்துபோனது. புள்ளிகளை உள்ளே போடும் வரியும் கடந்துபோனது. ஒன்பதாம் வரியில், பட்டியலில் இருக்கும் ஒவ்வோர் எண்ணையும் எடுத்துக் கூட்டுகிற சுழலில், தொகுப்பான் நின்றுவிட்டது: ஆப்ஜெக்ட்டை (எதுவாகவும் இருக்கக்கூடிய பொதுவகையை) முழுவெண்ணாக மாற்றமுடியாது என்றது. வகை எழுதாத பட்டியலிலிருந்து வெளியே வருவது எல்லாமே வெறும் ஆப்ஜெக்ட்தான். உடனே கெட்டிக்காரப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? சுழலில் ஆப்ஜெக்ட் என்று மாற்றி, கூட்டுகிற இடத்தில் பிறைவளைவு அடைப்புக்குறிக்குள் இன்டீஜர் என்று வகைமாற்றம் (இதை இன்டீஜராக எடுத்துக்கொள் என்ற கட்டளை) போட்டார்கள். நிரல் ஓடியது. சரியான விடையும் வந்தது. மாங்குளத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி பத்திரிகையில் இருந்த பிழையைத் தான் கண்டுபிடித்துத் திருத்திவிட்டதாகப் பெருமையோடு என்னிடம் காட்டினாள். பிழை இருந்தது நான்காம் வரியில். அவள் திருத்தியது ஒன்பதாம் வரியை. அந்தப் பட்டியலுக்குள் பரீட்சைக்கு வராத ஒரு மாணவனுக்கு எண்ணுக்குப் பதிலாக "வரவில்லை" என்ற சொல்லைப் போட்டுப்பார் என்றேன். போட்டாள். தொகுப்பான் அதையும் ஏற்றுக்கொண்டது. ஓடவிட்டபோது நடுவழியில் நிரல் விழுந்தது. அப்போதுதான் அவளுடைய முகம் மாறியது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாடத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: தொகுக்கும்போது ஆங்கிலத்தில் இரண்டு வரி அறிவித்தல் வந்தால் கவலைப்பட வேண்டாம், நிரல் ஓடும் என்று. இதைப் பாடத்தை எழுதியவர் எழுதினாரா, பக்கம் செய்தபோது யாராவது சேர்த்தார்களா என்று தெரியவில்லை. யார் எழுதியிருந்தாலும் அது பிழையான புத்திமதி. வகை சரியாக எழுதப்பட்டிருந்தால் அந்த அறிவித்தலே வந்திருக்காது. இந்தக் கோப்பில் சரிபார்க்கப்படாத, பாதுகாப்பற்ற செயல்கள் இருக்கின்றன என்பதுதான் அந்த இரண்டு வரியின் சாரம். எந்த வரியில் என்று அது சொல்லாது, கேட்டால்தான் சொல்லும். தொகுக்கும் கட்டளையில் ஒரு சிறு கோடு, அதையொட்டி எக்ஸ்லின்ட், ஒரு முக்காற்புள்ளி, அன்செக்ட் என்று சேர்த்துக்கொடுத்தால் வரி இலக்கத்தோடு காட்டித்தரும். என் வகுப்பில் அந்த இரண்டு வரி வந்த நிரலை முடிந்த நிரலாக நான் எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இவ்வளவு ஆபத்தென்றால் ஜாவா ஏன் அதை அனுமதிக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பழைய கடன். லிஸ்ட், செட், மேப் எல்லாம் 1998 டிசம்பரில் ஜாவா 1.2 பதிப்போடு வந்தபோது வகை எழுதும் வசதியே கிடையாது. எதை வேண்டுமானாலும் உள்ளே போடலாம், எடுக்கும்போது வகைமாற்றம் செய்துகொள்ளவேண்டும். அதே ஆண்டில் கிலாட் பிராக்கா, மார்ட்டின் ஒடர்ஸ்கி, டேவிட் ஸ்டவுட்டமயர், பிலிப் வாட்லர் ஆகிய நால்வரும் ஜிஜே என்ற பெயரில் ஒரு நீட்சியை முன்வைத்தார்கள். அந்த வழியில் வளர்ந்த ஜெனரிக்ஸ், அதாவது அடைப்புக்குறிக்குள் வகை எழுதும் வசதி, 2004 செப்டெம்பரில் ஐந்தாம் பதிப்போடு ஜாவாவுக்குள் வந்தது. அதற்குள் உலகம் முழுவதும் பழைய முறையில் எழுதப்பட்ட நிரல்கள் குவிந்துவிட்டன. அவை ஓடாமல் நின்றுவிடக்கூடாது என்பதற்காகவே வகையில்லாத எழுத்து இன்றுவரை பொறுத்துக்கொள்ளப்படுகிறது. புதிய நிரல்களில் அப்படி எழுதவேண்டாம், எதிர்காலப் பதிப்பொன்றில் அது தடைசெய்யப்படவும் கூடும் என்று மொழியின் விவரக்கூற்றிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 2004க்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளுக்கு 1998இன் எழுத்துமுறையைக் கற்பிக்க ஒரு காரணமும் இல்லை.

அந்தப் பழைய கடனுக்கு இன்னொரு வட்டியும் உண்டு. அடைப்புக்குறிக்குள் எழுதும் வகையைத் தொகுப்பான் மட்டுமே பார்க்கிறது. ஓடும் நிரலில் பட்டியல் தன் வகையை மறந்துவிடுகிறது. களஞ்சிய வாசலில் ஒவ்வொரு நெல்மூடையின் வகைச்சீட்டையும் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டுவிட்டு, அடுக்கும்போது சீட்டைக் கிழித்துவிடுவதுபோல. வாசலில் பார்த்தது ஒழுங்காக இருந்தால் உள்ளே சீட்டு இல்லாததால் ஒன்றும் கெட்டுவிடாது. வாசலையே திறந்துபோட்டால், பிறகு உள்ளே எந்த மூடையில் எது என்று களஞ்சியத்துக்குத் தெரியாது. சி ஷார்ப் மொழி 2005இல் இரண்டாம் பதிப்போடு இதே வசதியைக் கொண்டுவந்தபோது ஓடும் நேரத்திலும் வகையை நினைவில் வைத்திருக்கும்படி செய்துகொண்டது. ஜாவாவில் அது இல்லை. எனவே ஜாவாக்காரருக்கு வாசற்காவல் இரட்டிப்பு முக்கியம்.

வகுப்பறைக்கு வெளியே இது எப்படி வந்து நிற்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கமக்காரர் அமைப்பு ஒன்றுக்கு உள்ளூர் இளைஞர் ஒருவர் ஜாவாவில் சிறிய நிரல் எழுதிக்கொடுத்திருந்தார். (அமைப்பின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் செயலாளர் ஐயா என்னோடு பேசமாட்டார்.) அங்கத்தவர் பெயர், வாய்க்கால் இலக்கம், சிறுபோகத்தில் அவருக்குரிய பங்கு எத்தனை ஏக்கர் என்று ஒரு பட்டியல். பெரும்போகத்தில் பெரிதாகத் தேவைப்படாத கணக்கு அது. சிறுபோகத்தில் குளத்தில் இருக்கும் தண்ணீருக்கு ஏற்ப விதைக்கும் பரப்பைக் கூட்டத்தில் முடிவுசெய்து, அதை ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். கால் ஏக்கர் பிசகினாலும் கூட்டத்தில் சத்தம் வரும்.

அந்த நிரலில் ஏக்கர் பட்டியல் வகையில்லாமல் அறிவிக்கப்பட்டிருந்தது. சிலர் தங்கள் பங்கை வேறொருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்களின் பெயருக்கு எதிரே ஏக்கர் கட்டத்தில் "குத்தகை" என்று தட்டவேண்டும் என்று செயலாளர் கேட்டிருக்கிறார். கேட்டது நியாயமே, பழைய பேரேட்டில் அப்படித்தான் எழுதுவார்கள். இளைஞரும் எண் தட்டினால் எண்ணாக, சொல் தட்டினால் சொல்லாக அதே பட்டியலில் போய் விழும்படி செய்துகொடுத்துவிட்டார். திரையில் பட்டியல் அழகாகத் தெரிந்தது. அச்சிட்டாலும் அழகாக வந்தது. திரையில் காட்டுவதற்கு எண்ணும் சொல்லும் ஒன்றுதான், ஆப்ஜெக்ட்டாக இருந்தால் போதும். கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் மொத்த ஏக்கரைக் கூட்டச் சொல்லி அழுத்தியபோதுதான் நிரல் விழுந்தது. ஸ்ட்ரிங்கை (சொல்லை) டபிளாக (தசம எண்ணாக) மாற்றமுடியாது என்று சொல்லிக் கூட்டல் வரியின் இலக்கத்தைக் காட்டியது. அந்த வரியில் ஒரு பிழையும் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். பாவத்தைச் செய்தது வேறொரு கோப்பில், தரவு பதியும் படிவத்துக்குப் பின்னால் இருந்த வரி. என்னிடம் கொண்டுவந்தபோது எல்லோரும் கூட்டல் வரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கடைசியில் பழைய பேரேட்டை வைத்தே நடந்தது.

அறிவிப்பில் லிஸ்ட்<டபிள்> என்று எழுதியிருந்தால், "குத்தகை" என்ற சொல்லை உள்ளே தள்ளுகிற வரியை எழுதிய அன்றே, அவருடைய மேசையிலேயே, தொகுப்பான் மறித்திருக்கும். அப்போது அவர் யோசித்திருப்பார்: ஏக்கர் வேறு, குறிப்பு வேறு, இரண்டுக்கும் இடமுள்ள "பங்கு" என்றொரு கிளாஸ் எழுதவேண்டும், பட்டியல் லிஸ்ட்<பங்கு> ஆகவேண்டும் என்று. பிற்பாடு நான் அவரோடு இருந்து செய்ததும் அதைத்தான். நிரல் மொத்தமாக நீண்டதுகூட இல்லை. வகைமாற்றங்கள் எல்லாம் தேவையற்றுப்போய்ச் சுருங்கிவிட்டது. அடைப்புக்குறிக்குள் எதை எழுதுவது என்று தெரியாமல் கை நின்றால், அந்தத் தரவைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை என்று பொருள்.

திருத்தம் போடும்போது பிள்ளைகள் வழக்கமாக இடறுகிற சில இடங்களையும் சேர்த்துப் போட்டால் நல்லது. அடைப்புக்குறிக்குள் இன்ட் (முழுவெண்ணுக்கான அடிப்படை வகை) என்று எழுதமுடியாது. இன்டீஜர் என்றே எழுதவேண்டும். டபிளுக்குப் பெரிய எழுத்தில் தொடங்கும் டபிள். இன்ட்டை இன்டீஜராக மாற்றுவதை மொழி தானே செய்துகொள்ளும். ஆனால் பட்டியலிலிருந்து எடுத்த இரண்டு இன்டீஜர்களை இரட்டைச் சமன் குறியால் ஒப்பிட்டால், மைனஸ் 128 முதல் 127 வரை சரியாக இருந்துவிட்டு அதற்கு மேலே சமமான எண்களையும் சமமில்லை என்று சொல்லக்கூடும். புள்ளிகள் நூறுக்குள்தான் என்பதால் வகுப்பில் இது பிடிபடாது. பிறகு எங்கேயாவது கடைக் கணக்கில் பிடிபடும். இக்வல்ஸ் என்று கேட்கப் பழகவேண்டும்.

வகை எழுதச் சொன்னால் சிலர் லிஸ்ட்<ஆப்ஜெக்ட்> என்று எழுதிவிட்டுத் தப்பப் பார்ப்பார்கள். தெரிந்தே எல்லாவற்றையும் கலந்து வைக்கப்போகிறேன் என்ற அறிவிப்பு அது. அப்படியொரு தேவை ஆயிரத்தில் ஒரு தடவை வரும். இன்னும் சிலர் கேள்விக்குறியை உள்ளே போடுவார்கள். அந்தப் பட்டியலைப் படிக்கலாம், ஆனால் நல் (ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் வெற்று மதிப்பு) தவிர வேறொன்றையும் சேர்க்க விடாது.

இதைவிடப் பெரிய இடறல் ஒன்று இருக்கிறது. வகையைத் துறந்து ஓடுகிறவர்களில் பெரும்பாலானோரை ஓடவைப்பது அதுதான். எண்களைக் கூட்டித்தரும் ஒரு மெதட் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல்துண்டு) எழுதி, அது லிஸ்ட்<நம்பர்> ஒன்றைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு லிஸ்ட்<இன்டீஜர்> ஒன்றைக் கொடுத்தால் தொகுப்பான் மறுத்துவிடும். இன்டீஜர் ஒரு நம்பர்தானே, பட்டியல் மட்டும் ஏன் ஆகாது என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். நல்ல கேள்வி. ஆகும் என்று விட்டுவிட்டால் அந்த மெதட் தன் கையில் இருப்பது நம்பர் பட்டியல் என்று நம்பி அதற்குள் ஒரு 2.5ஐப் போட்டுவிடலாம். வெளியே அதே பட்டியலை முழுவெண் பட்டியலாக வைத்திருப்பவர் எடுத்துப் பார்க்கும்போது அங்கே டபிள் இருக்கும். அரே எனப்படும் ஜாவாவின் அணிகளில் இந்தத் தடை இல்லை. இன்டீஜர் அணியை நம்பர் அணியாகக் கொடுக்கலாம், தொகுப்பான் விடும், உள்ளே 2.5ஐப் போடும் கணத்தில் ஓடும் நிரல் விழும். பட்டியலில் அதே தவறு தொகுக்கும்போதே நின்றுவிடுகிறது. அணியைவிடப் பட்டியல் கடுமையாக இருப்பது நம் நன்மைக்குத்தான். மெதட் எண்களைப் படிக்க மட்டும்போகிறது என்றால் அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறி, எக்ஸ்டென்ட்ஸ், நம்பர் என்று எழுதவேண்டும். அப்போது இன்டீஜர் பட்டியலையும் டபிள் பட்டியலையும் அது ஏற்கும். உள்ளே நல் தவிர எதையும் போடவிடாது. சேர்ப்பதற்காகப் பட்டியலைக் கேட்கும் மெதட்டுக்கு எக்ஸ்டென்ட்ஸ் இருந்த இடத்தில் சூப்பர். இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால், தொகுப்பான் மறுத்த இடத்தில் பிள்ளை அடைப்புக்குறியை அழித்துவிடும். அழித்ததும் தொகுப்பான் வாயை மூடிக்கொள்ளும். பிள்ளையும் திருத்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளும்.

புதிய பதிப்பு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு பொறி. 2018இல் பத்தாம் பதிப்போடு வார் என்ற சுருக்கம் வந்தது. இடப்பக்கத்தில் வார் என்று எழுதி வலப்பக்கத்தில் வெற்று வைரக்குறி போட்டால், இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். கிடைப்பது ஆப்ஜெக்ட் பட்டியல். அந்த இரண்டு வரி அறிவித்தல்கூட வராது. வார் எழுதுவதானால் வலப்பக்கத்தில் வகையை முழுதாக எழுதவேண்டும். தொடக்கக்காரருக்கு வாரே வேண்டாம் என்பது என் கட்சி, பலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

பைதனில் இப்படியொன்றும் இல்லையே, அங்கே எல்லாவற்றையும் ஒரே லிஸ்டில் போடுகிறோமே என்று உயர்தரம் முடித்து வருகிறவர்கள் கேட்பார்கள். உண்மை. பைதன் அப்படிப் போக அனுமதிக்கும் மொழி. அதற்கு ஏற்ற பழக்கங்களும் அங்கே உண்டு, ஓட்டிப் பார்த்துச் சோதிப்பது உட்பட. அங்கேகூட 2020இல் வந்த 3.9 பதிப்பிலிருந்து லிஸ்ட் என்ற சொல்லை ஒட்டியே நேரடியாகச் சதுர அடைப்புக்குறிக்குள் வகையைக் குறித்துவைக்கலாம். ஓடும்போது பைதன் அதைப் பொருட்படுத்தாது, தனிக்கருவிகள்தான் பார்க்கும். ஜாவாவைத் தேர்ந்தெடுத்து, அதன் நீளமான வரிகளையெல்லாம் சகித்துக்கொண்டு எழுதிவிட்டு, அந்தச் சிரமத்துக்குப் பிரதியாக அது தருகிற ஒரே பாதுகாப்பை வேண்டாம் என்று சொல்வதுதான் எனக்கு விளங்கவில்லை.

கல்வி இணைப்பிதழில் இத்தகைய பாடங்களுக்கு முழுப்பக்கம் ஒதுக்குகிறீர்கள், அதற்கு நன்றி. இந்தக் கடிதத்தை இடம் கருதி வெட்டுவதானால் வரலாற்றுப் பந்தியை வெட்டுங்கள். அச்சிட்டதும் இருந்திருக்கவேண்டியதுமான அந்த இரண்டு வரிகளை மட்டும் வெட்டாதீர்கள். இணையத்தளத்தில் ஏற்றும்போது இக்கடிதத்தில் இருக்கும் குறிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். திருத்தத்தைக் கடைசிப் பக்க மூலையில் நாலு வரியில் போடாமல், பாடம் வந்த அதே பக்கத்தில், நிரலை முழுமையாக மறுபடியும் அச்சிட்டுப் போட்டால் பிள்ளைகள் பழையதன்மேலேயே ஒட்டிக்கொள்வார்கள். அடியில் இருந்த அந்தச் சிறிய எழுத்துக் குறிப்பையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்த கிழமை மேப் (ஒரு திறவுகோலைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அமைப்பு) பற்றிய பாடம் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் அடைப்புக்குறிக்குள் இரண்டு வகைகள் வரும், நடுவில் காற்புள்ளி: மேப்<ஸ்ட்ரிங், இன்டீஜர்>. அதுவும் இதே வழியாக வந்தால் இதே கதிதான். மேப்பில் வகையை ஒழுங்காக எழுதினாலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும் என்பதைப் பாடத்தை எழுதுபவர் சேர்த்துக்கொண்டால் நல்லது. கெட் என்ற மெதட் திறவுகோலாக எந்த ஆப்ஜெக்ட்டைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். பெயரைக் கொடுக்கவேண்டிய இடத்தில் சுட்டெண்ணைக் கொடுத்துவிட்டால் தொகுப்பான் ஒன்றும் சொல்லாது, நல் வரும். அந்த நல்லை நேரே இன்ட் மாறியில் வாங்கினால் நிரல் விழும். இல்லாத பெயரைக் கேட்டாலும் அதே கதை. கெட்ஆர்டிஃபால்ட் என்று கேட்டுப் பழக்கலாம், திறவுகோல் இல்லாதபோது நாம் சொன்ன மதிப்பை அது தரும். பக்கம் அச்சுக்குப் போகுமுன் அதன் படத்தைப் பாடத்தை எழுதியவருக்கு ஒருமுறை அனுப்பி, நிரல் வரிகளை மட்டுமாவது பார்த்துத்தரச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் அவருக்கும் நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஜாவா கற்பிக்கும் ஆசிரியை ஒருவர்,
பரந்தன்.